அமுக்கிய விரலை எடுக்காமல்

மவுஸின் நடுவில் இருக்கிற சக்கரத்தை உருட்டினால் மட்டும் போதாது, அமுக்கவும் வேண்டும், அதுவும் ஒரு பட்டன்தான் என்று என்னிடம் சொன்னபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. சொன்னவர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து மேலே வந்து, இப்போது கடல் தாண்டி எங்கோ கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற தம்பி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். எப்போதும் போனில் முகம் பார்த்துத்தான் பேசுவார். நேரில் நான் அவரை இன்றுவரை கண்டதில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பெய்த பெரிய மழையில் எங்கள் தோட்டத்து மேல் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில், ஓரத்து இரண்டு காம்பராக்கள் மண்ணுக்குள் போயின. ஆட்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்ததால் உயிர் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு வெளிநாட்டில் இருக்கிற நம் பக்கத்து ஆட்கள் சிலர், அந்தத் தம்பியும்தான், சேர்ந்து, ஃபெக்டரிக்கு மேலே இருக்கிற பாறை மேட்டில் வீடு கட்டித் தருவதாகச் சொன்னார்கள். முதல் கட்டம் பன்னிரண்டு வீடு. பட்டியலில் இருந்ததோ அறுபது சொச்சம் குடும்பம். இரண்டாம் கட்டம் எப்போது என்று கேட்டால், பார்ப்போம் என்றார்கள். நம் ஊரில் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்தப் பட்டியலை வைத்துக்கொள்கிற வேலை எனக்கு வந்தது. பத்து வருஷம் கொழுந்து எடுத்துவிட்டு, பிறகு பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அவர்களுடைய நிறை உயரமெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பழகியவள் நான். தோட்டத்தில் அதைவிடக் கம்ப்யூட்டர் தெரிந்த பெரிய மனுஷி வேறு யாரும் அகப்படவில்லை போலிருக்கிறது. லிந்துலை கடைவீதியில், இரும்புக்கடை நாநா தன் கடைக்கு மேலே ஓர் அறையைச் சும்மா கொடுத்திருந்தார். தினமும் காலையில் என் வீட்டுக்காரர் தன்னுடைய த்ரீவீலில் என்னை அங்கே இறக்கிவிட்டுத்தான் ஓட்டம் தேடிப் போவார்.

நாங்கள் இருப்பது மேல் லயம், எட்டாம் காம்பரா. நான், அவர், மகள். ஏழாம் காம்பராவில் மதினியும் அவள் புருஷனும். உறவென்று எதுவும் இல்லை; கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மதினி என்று கூப்பிட்டு அப்படியே ஆகிவிட்டது. இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அதுவும் கூரை வரைக்கும் போகாது. மேலே தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் திறந்து கிடக்கும். உப்பு இருக்கா, மழை வருமா, அண்ணன் சாப்பிட்டாரா, எல்லாப் பேச்சும் பதினெட்டு வருஷமாக அந்த ஒரு முழத்தின் வழியாகத்தான்.

மதினியின் புருஷன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், மரம் தறிக்கப் போன இடத்தில் விழுந்து, இடுப்புக்குக் கீழே வழங்காமல் போனவர். பலத்த மழை பிடித்தால் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். ஒரு பக்கம் மதினி, மறுபக்கம் என் வீட்டுக்காரர். ஏழின் பின்சுவரில் இருந்த வெடிப்புக்குள் என் கை மணிக்கட்டு வரைக்கும் போகும். எட்டின் பின்சுவரில் ஒரு விரல் போகும். இரண்டையும் நானே கையை விட்டு அளந்து பார்த்திருக்கிறேன். ஏன் அளந்தாய் என்று கேட்காதீர்கள். பட்டியல் கையில் இருக்கிறவளுக்கு அளக்கத் தோன்றும்.

தம்பி அனுப்பிய பழைய மடிக்கணினியில் அவர் போட்டுத் தந்திருந்த எழுதுகிற செயலியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. படம் கிடையாது. வழக்கமாக இருக்கிற பட்டன் ஒன்றும் கிடையாது. வெள்ளைத் திரை நடுவில் பிளந்து, இடது பக்கம் ஒரு ஜன்னல், வலது பக்கம் ஒரு ஜன்னல். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வரியில் நாலைந்து சொற்கள். எனக்காகத் தமிழில் எழுதி வைத்திருந்தார்: ஏற்று, இறக்கு, சேமி.

"அந்த எழுத்துதான் அக்கா பட்டன். அதுமேல அம்ப வச்சு நடுச் சக்கரத்த அமுக்குனா வேல நடக்கும்."

"அப்ப சாப்பாடுன்னு எழுதி அமுக்குனா வந்துருமா தம்பி?"

"அதுக்கு யாராவது மொதல்ல சமைச்சு வச்சிருக்கணும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய மெஷினுக்கு இதுதான் ஓடும், தான் இதில்தான் பத்து வருஷமாக வேலை செய்வதாகச் சொன்னார். அவரவர் பாடு அவரவருக்கு.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் இருந்தது. ஏற்று என்றால் எதை ஏற்றுவது? அதை அந்தச் சொல்லின் கையில் நாம் கொடுக்க வேண்டுமாம். கொடுக்கிற முறை இது. முதலில், கொடுக்க வேண்டிய எழுத்தின் மேல் இடது பட்டனை அமுக்கி இழுத்துத் தேய்க்க வேண்டும். தேய்த்த இடம் மஞ்சளாகும். பிறகு 'ஏற்று' என்ற சொல்லுக்குப் போய் நடுச் சக்கரத்தை அமுக்க வேண்டும். அமுக்கிய விரலை எடுக்காமல், இன்னொரு விரலால் இடது பட்டனை ஒரு தட்டு. அதன்பிறகுதான் இரண்டையும் விட வேண்டும்.

"எடுக்காமலா?"

"எடுக்காம. எடுத்துட்டீங்கன்னா அது வெறுங்கையோட போயிரும்."

"வெறுங்கையோட போனா?"

அதற்கு அவர் ஒரு பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று நான் காதில் வாங்கவில்லை. கீழே நாநாவின் கடையில் யாரோ தகரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சரி சரி என்று தலையாட்டினேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி தலையாட்டுகிற இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ.

என் வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பும்போது என்ன வாங்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டால், பருப்பு வாங்கி வருவார். வீட்டில் மூன்று போத்தல் பருப்பு இருக்கும், மறுபடியும் பருப்பு. மனதில் எது கிடக்கிறதோ அதைத்தான் வாங்குவார். வெறுங்கையோடு போகிறவர்களின் குணம் அது. அன்றைக்கே இதை யோசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் விரல்களுக்கு அந்தப் பிடி வரவே இல்லை. கொழுந்து எடுத்த கைக்குப் பிடித்து வைத்திருக்கத் தெரியாது. கிள்ளிய கொழுந்தைக் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தால் சூடேறிக் கன்றிப்போகும் என்று கங்காணி சத்தம் போடுவார். "கையில வச்சுக்கிட்டு என்ன, அடைகாக்குறியா? கூடையில போடு புள்ள." கிள்ளு, விடு. கிள்ளு, விடு. பத்து வருஷம் மழையிலும் வெயிலிலும் விரலுக்குப் படித்துக் கொடுத்தது அதுதான். இப்போது ஒரு விரல் பிடித்திருக்க, இன்னொரு விரல் தட்டு என்றால் அது எப்படிக் கேட்கும்? சக்கரத்தை அமுக்கியதும் விரல் தானாக எழும்பிவிடும். லிந்துலைக் குளிரில் காலை எட்டு மணிக்கு அது விரலாகவும் இருக்காது, கட்டையாகத்தான் இருக்கும். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று மகள் கிண்டல் பண்ணினாள். ஒரு வாரம் அவளை முன்னால் உட்காரவைத்துப் பழகினேன். பத்துக்கு ஒன்பது சரியாக வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் அறையைத் திறந்து, பட்டியலை வலது ஜன்னலில் போட்டதும் என் முதல் வேலை, 'மேல் லயம் 8' என்ற வரியைத் தேடி இடது பட்டனால் ஒரு தேய்ப்பு. மஞ்சளாகும். இருக்கிறது என்று மனம் ஆறும். பிறகுதான் மற்ற வேலை. சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கடையைத் திறக்கிறார்களே, அந்த மாதிரி. இதில் யாருக்கு என்ன கெடுதல் என்று நினைத்தேன்.

எந்த வீடு முதலில் என்று முடிவுசெய்யச் சுவர்களைப் பார்த்துப் போன ஆட்களிடமிருந்து ஒரு நாள் காலையில் கடிதம் வந்தது. முதல் கட்டத்துக்குப் பன்னிரண்டு காம்பரா. அதை இடது ஜன்னலில் திறந்தேன். கீழே இருக்கிற பணிய லயத்திலிருந்து ஐந்து, மேல் லயத்திலிருந்து ஏழு. கடைசியாக 'மேல் லயம் 7'. அதோடு முடிந்தது. எட்டு இல்லை. கீழே ஏதாவது இருக்கிறதா என்று உருட்டி உருட்டிப் பார்த்தேன். வெள்ளைதான்.

வயிறு எரிந்தது. மறைப்பானேன்? ஏழுக்குக் கிடைக்க வேண்டும் என்று தெரியும். எழும்பி ஓட முடியாத மனுஷன் இருக்கிற வீடு. ஆனாலும் எரிந்தது. ஒரு விரல் போகிற வெடிப்பு வெடிப்பு இல்லையா? என் மகள் படுத்துக்கிடப்பது அந்தச் சுவரடியில்தானே?

வேலையைச் செய்தேன். இடது பக்கம் கடிதத்தில் ஒவ்வொரு காம்பராவாகத் தேய்த்து, வலது பக்கம் பட்டியலின் தலையில் இருக்கிற 'ஏற்று' மேல் போய், அமுக்கி, பிடித்து, தட்டினேன். ஒவ்வொரு தடவையும் வலது பக்கத்தில் ஒரு வரி கீழிருந்து எழும்பி முதல் கட்டத்துக்குள் போய் உட்காரும். பதினொன்று ஆனது. பன்னிரண்டாவதாக 'மேல் லயம் 7' என்பதைத் தேய்த்தேன். 'ஏற்று' மேல் போனேன். அமுக்கினேன். ஒரு வரி எழும்பிப் போனது. எது என்று பார்க்கவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றது. எண்ணிக்கை பன்னிரண்டு காட்டியது. சேமித்து, அச்சடிக்கச் சொல்லி நாநாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கண்ணில் தண்ணீர் நின்றது உண்மை. பார்க்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

மறுநாள் பிள்ளைக்காம்பராச் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். மத்தியானம் என் வீட்டுக்காரர் த்ரீவீலை நாநா கடை வாசலில் போட்டுவிட்டு மாடிக்கு ஓடி வந்தார்.

"இந்தா புள்ள, நம்ம எட்டு வந்துருக்கு. நீ ஒண்ணுமே சொல்லலையே."

"எட்டா? எனக்கே தெரியாதுங்க."

"தெரியாதா? நீதானே அடிச்ச?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடிதத்தில் எட்டு இல்லை. காகிதத்தில் எட்டு இருக்கிறது. பெரிய ஆட்கள் பிறகு மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். தம்பி அங்கிருந்து ஏதாவது செய்திருப்பார் என்று நினைத்தேன். எந்தத் தெய்வமோ கண்ணைத் திறந்தது என்றும் நினைத்தேன். மடிக்கணினி என் முன்னால்தான் திறந்து கிடந்தது. ஏழு எங்கே என்று ஒரு உருட்டு உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மூடி வைத்துவிட்டு அவரோடு வீட்டுக்குப் போனேன். அதற்கு அடுத்த நாளும் உடம்பு சரியில்லை என்று அறையைத் திறக்கவில்லை. பட்டன் விஷயத்தில் என் விரலைத் திட்டலாம். இந்த இரண்டு நாளுக்கு விரலைத் திட்ட முடியாது.

அந்த இரண்டு நாளும் சுவருக்கு மேலே இருந்து ஒரு குரலும் வரவில்லை. மதினி உப்புக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்கவில்லை. அந்தப் பக்கம் அவள் பானையை இறக்குவது கேட்கும், அண்ணனைப் புரட்டிப் படுக்கவைப்பது கேட்கும். பேச்சு மட்டும் இல்லை. பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனால் வாளிகள் எனக்கு வழி விட்டன. யாரோ என் முதுகுக்குப் பின்னால், "எரியிற வூட்டுல புடுங்குன வரைக்கும் லாபம்" என்றாள். திரும்பிப் பார்க்காமல் வந்தேன். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். எனக்குக் கனம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

வீட்டுக்குள் என் வீட்டுக்காரர் மகளிடம், புது வீட்டில் ஜன்னல் பக்கம் உனக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் போய்ப் பட்டியலைத் திறந்தேன். ஏழு கீழே, காத்திருப்போரோடு உட்கார்ந்திருந்தது. எட்டு மேலே. தம்பிக்கு போன் போட்டேன். அவருக்கு அங்கே விடிந்தும் விடியாத நேரம். நான் திரையைக் காட்டக் காட்டப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"விரல் முந்தி எழும்பிருச்சு அக்கா. ஏழு அதோட கையில போய்ச் சேரல. வெறுங்கையோட போனா, அந்த ஜன்னல்ல ஏற்கனவே எது மஞ்சளாக் கெடக்கோ அதத் தூக்கிக்கும். மொத நாளே சொன்னேன்ல?"

"ஆமா" என்றேன்.

"எட்டு மஞ்சளாக் கெடந்துருக்கு. அத எதுக்குத் தேய்ச்சீங்க?"

"சும்மா."

"சும்மாவா?"

"சும்மாதான் தம்பி. இருக்கான்னு பாத்தேன். டெய்லி பாப்பேன்."

அதற்குமேல் அவர் துருவவில்லை. அவருடைய அம்மாவும் இன்னும் பொகவந்தலாவையில் லயத்தில்தான் இருக்கிறாராம்; அது பின்னொரு நாள் அவர் சொன்னது. அன்றைக்கு, "நான் இங்கேருந்தே மாத்திரவா அக்கா?" என்று கேட்டார்.

"வேணாம். நானே செய்றேன்."

அவர் மாற்றினால் அவர் மாற்றியதாகப் போய்விடும். ஏற்றியது என் கை. முதலில் எட்டு. அதை இறக்க எந்த வித்தையும் வேண்டாம். அதுதான் மஞ்சளாகக் கிடக்கிறதே, வெறுமனே 'இறக்கு' என்பதை அமுக்கினாலே போதும். ஆனாலும் முறையாகச் செய்தேன். எட்டைத் தேய்த்தேன், 'இறக்கு' மேல் போய் அமுக்கினேன், பிடித்தேன், தட்டினேன். எங்கள் வீடு எழும்பிக் கீழே போய் உட்கார்ந்தது. இந்தத் தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பிறகு கடிதத்தில் ஏழு. 'ஏற்று' மேல் சக்கரத்தை அமுக்கியதும் விரல் எழும்பப் பார்த்தது. விடவில்லை. நகம் வெளுக்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டு இடது பட்டனைத் தட்டினேன்.

சாயந்தரம் த்ரீவீலில் வரும்போதே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வண்டியைத் தேயிலைக்கு நடுவே ஓரம் கட்டி நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"மகளுக்கு ஜன்னல் பக்கம்னு சொல்லிட்டேனே" என்றார்.  பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "மதினிகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"புதுப் பேப்பர ஒட்டறதுக்கு முந்தி சொல்லிரு. சுவரப் பாத்து மதினி தெரிஞ்சிக்கிறக் கூடாது."

வீட்டுக்கு வந்து, அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், சுவரடியில் நின்று அந்த ஒரு முழத்தைப் பார்த்துக் கூப்பிட்டேன். "மதினி."  அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். சக்கரம், இடது பட்டன், மஞ்சள், கொழுந்து எடுத்த விரல், தினமும் எட்டைத் தொட்டுப் பார்த்தது, இரண்டு நாள் திறக்காமல் இருந்தது, எல்லாம். தகரத்தைப் பார்த்துக்கொண்டு அவ்வளவையும் பேசி முடித்தேன்.

"ஒன் வெரல் கதையெல்லாம் எனக்கு வெளங்கல புள்ள" என்று மதினியின் குரல் வந்தது. "நீ வேணும்னேதான் வச்சேன்னு நெனச்சேன்."

"இல்ல மதினி."

"கோவமே வரல எனக்கு. என் கையில பட்டியல் இருந்திருந்தா நானும் எங்க ஏழத்தான் வச்சிருப்பேன். ஒன் எட்ட யோசிச்சிருக்க மாட்டேன். அதான் ரெண்டு நாளா ஒன் மொகத்துல முழிக்க முடியல."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது. கொஞ்ச நேரத்தில், "உப்பு இருக்கா?" என்று கேட்டாள். ஒரு சிரட்டையில் போட்டு, பலகை மேல் ஏறிக் கொடுத்தேன்.

அவர்கள் பாறை மேட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. அந்த வீட்டுச் சுவர்கள் கூரை வரைக்கும் போகின்றன. அண்ணனைக் கட்டிலோடு ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறாள். இரண்டாம் கட்டம் பற்றிக் கேட்டால் இன்னும் பார்ப்போம் என்றுதான் சொல்கிறார்கள். நான் இப்போதும் நாநா கடை மாடியில் பட்டியலை வைத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் திறந்ததும் எட்டைத் தொடுவதில்லை. பட்டியலின் அடியில் ஒரு வெற்று வரி இருக்கிறது, அதைத் தேய்த்து மஞ்சளாக்கிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பேன். விரல் தவறினாலும் யார் வீடும் ஏறக் கூடாது, இறங்கக் கூடாது. அன்றைக்கு விரல் தானாக எழும்பியதா, நான்தான் விட்டேனா என்று மகள் ஒரு முறை கேட்டாள். தெரியவில்லை என்றுதான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதுதான் பதில்.

மழை பிடித்தால் என் போன் அடிக்கும். "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மதினி வைத்துவிடுவாள். மூன்று பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறிப் போவோம். போன வாரம் போவதற்கு முன்னால் எங்கள் பின்சுவரை மறுபடியும் அளந்து பார்த்தேன். இப்போது நாலு விரலும் போகிறது.